கூட்டத்தைத் தாங்குமா? – இணையத்தளங்களின் சுமைப் பரீட்சை



அவுஸ்திரேலியாவிலுள்ள சிட்னித் துறைமுகப் பாலம் 1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதத்தில் 96 நீராவிப் புகையிரத இயந்திரங்கள் வரை அப்பாலத்தின்மீது வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. பாலம் அப்பாரத்தைத் தாங்குகின்றதா என்று பொறியியலாளர் பரீட்சித்தனர். ஒரேயோர் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பாலம் உறுதியானது என்று அவர்கள் கூறவில்லை. பெரும் பாரத்தைச் சுமக்கவேண்டிய ஒன்றைப் பெரும் பாரத்தைக்கொண்டே சோதித்தல் வேண்டும் என்பது பொறியியலின் பழைய நீதி.

இரும்புப் பாலத்துக்குரிய இந்நீதி இக்காலத்து இணையத்தளங்களுக்கும் உரியதாகும். பரீட்சைப் பெறுபேறு, வங்கிக் கணக்கு, அரசாங்க விண்ணப்பம் ஆகியவற்றையெல்லாம் மக்கள் இன்று இணையத்தளங்களின் வாயிலாகவே நாடுகின்றனர். இணையத்தளம் என்பது எங்கோ ஓரிடத்திலிருந்து விடையளிக்கும் சேவைக் கணினியின் உழைப்பேயாகும். நூறு பேர் வந்தால் உடனே விடையளிக்கும் அக்கணினி, பதினாயிரம் பேர் ஒருங்கே வந்தால் என்செய்யும்? ஓர் எல்லைவரை தளர்ச்சி தோன்றாது. எல்லையைக் கடந்ததும் காத்திருப்போர் வரிசை திடீரென நீளும். பொறுமையிழந்தவர்கள் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவர். அதனால் வரிசை இன்னும் நீளும். ஈற்றில் எவருக்கும் விடை கிடையாது.

அந்த எல்லையை முன்கூட்டியே அறிவதற்காகச் செய்யப்படுவதே சுமைப் பரீட்சை. மனிதரைப்போல நடித்து வேண்டுகோள் விடுக்கும் செயனிரல்கள் இதற்கென உள்ளன. 1998ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ஜேமீட்டர் அவற்றுள் ஒன்று. அதனை எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

அப்படியாயின் ஒரு கணினியில் அச்செயனிரலை இயக்கி, பதினாயிரம் பேராக நடிக்கச் செய்தாற் போதாதா? போதாது. கூட்டமாக நடிப்பதற்கும் உழைப்பு வேண்டும். ஓர் அளவுக்கு மேல் நடிக்கும் கணினியே களைத்துப்போகின்றது. களைத்த கணினி விடைகளைக் காலந்தாழ்த்திப் பெற்று, இணையத்தளம் தாமதிக்கின்றது என்று குறித்துவிடும். குற்றமற்றதன்மீது பழி விழும். அன்றி, அனுப்பவேண்டிய வேண்டுகோள்களை முற்றாக அனுப்பமாட்டாது, இணையத்தளம் நன்றாயிருக்கின்றது என்று பொய்ச்சான்று வழங்கும். இவ்விரண்டாவது பிழையே கொடியது.

இன்னுமொரு தடையுண்டு. ஒரு முகவரியிலிருந்து சேவைக் கணினியின் ஒரு வாயிலை நோக்கி ஒரே வேளையில் ஏறக்குறைய 65,000 தொடர்புகளுக்கு மேல் ஏற்படுத்த இயலாது. அன்றியும், பெரிய இணையத்தளங்கள் வேலையைப் பல சேவைக் கணினிகளுக்குப் பங்கிடுவன. வருவோரின் முகவரியைக்கொண்டு பங்கிடும் தளமாயின், ஒரே முகவரியிலிருந்து வருவன யாவும் ஒரே சேவைக் கணினியிடம் போய்ச்சேரும். ஏனையவை வேலையின்றிச் சும்மாவிருக்கும். அது உண்மையான கூட்டத்தின் இயல்பன்று.

ஆகையாற் பல கணினிகள் வேண்டப்படுகின்றன. அவற்றுள் ஒன்று தலைமைக் கணினி. மற்றையவை ஏவற் கணினிகள். தலைமைக் கணினி பரீட்சைத் திட்டத்தை அனுப்பி, தொடங்குக என்று கட்டளையிட, ஏவற் கணினிகள் சேர்ந்து வேண்டுகோள்களைப் பொழிகின்றன. இங்குச் சில எச்சரிக்கைகள் உள. ஜேமீட்டரில் ஒவ்வோர் ஏவற் கணினியும் முழுத் திட்டத்தையும் நடத்தும். திட்டத்தில் 500 பேர் என்று எழுதி நான்கு கணினிகளை ஏவினால், வருவோர் 2,000 பேராவர். பயனாளர் பெயர்ப் பட்டியல் போன்ற தரவுக் கோப்புகளைத் தலைமைக் கணினி அனுப்பாது. ஒவ்வொன்றிலும் கையால் வைத்தல் வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே பட்டியலை வைத்தால், ஒரே ஆள் நான்கு வாசல்களால் நுழைந்த கதையாகும். மேலும், ஏவற் கணினிகள் களைக்கின்றனவா என்பதையும் இடையறாது கவனித்தல் வேண்டும்.

பெறுபேற்றை வாசிப்பதிலும் விழிப்பு வேண்டும். 99 பேருக்கு ஒரு செக்கனில் விடை கிடைத்து, ஒருவர் மாத்திரம் 30 செக்கன் காத்திருந்தார் எனக் கொள்வோம். சராசரி 1.29 செக்கன். இத்தொகை அழகானது; ஆயின் காத்திருந்தவரின் துன்பம் அதில் மறைந்துவிட்டது. ஆதலால் எல்லாக் கணினிகளின் குறிப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து, நூற்றில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தனர் என்று எண்ணிப் பார்ப்பதே முறை.

இனி, பாலத்தைச் சோதித்த அதே நாட்டிலே நிகழ்ந்த மற்றொரு செய்தியைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி அவுஸ்திரேலியாவிற் குடிசன மதிப்பு நடைபெற்றது. அவ்விரவு மக்களுட் பெரும்பாலோர் இணையத்தளத்திலேயே படிவத்தை நிரப்புவரென எதிர்பார்க்கப்பட்டது. மணித்தியாலத்துக்குப் பத்து இலட்சம் படிவங்களைத் தாங்கும் என்று தளம் முன்னரே பரீட்சிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அன்று மாலையே அது மூடப்பட்டு, ஏறக்குறைய 40 மணித்தியாலம் மூடியே கிடந்தது.

காரணம் மக்கட் கூட்டமன்று. பல கணினிகளிலிருந்து போலி வேண்டுகோள்களை ஏவி இடையூறு செய்யும் தாக்குதல், அதுவும் சிறியதொன்று, அன்று வந்தது. வெளிநாட்டு வேண்டுகோள்களைத் தடுக்கும் அரண் பயன்படவில்லை. தொடர்புகளை வழிப்படுத்தும் கருவியொன்று நின்று, மீண்டும் இயக்கப்பட்டபோது முறையாக எழவில்லை. அக்கருவியின் மின்னை முன்னரே ஒருமுறை நிறுத்தி மீள இயக்கிப் பார்த்திருந்தால் அக்குறை வெளிப்பட்டிருக்கும் என்பது பின்னர் நடந்த விசாரணையிற் கூறப்பட்டது. மக்களின் விபரங்கள் களவுபோகவில்லை. ஆனால் நம்பிக்கை குன்றியது.

இதனால் சுமைப் பரீட்சை வீண் என்பது பெறப்படாது. பரீட்சை, கேட்ட வினாவுக்கே விடை தரும் என்பதே பெறப்படுவது. எத்தனை பேர் வரலாம் என்று கேட்டவர்கள், கூட்டம் நிற்கும் வேளையில் ஓர் உறுப்புச் சாய்ந்தால் என்னாகும் என்றும் கேட்டல் வேண்டும். பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கருவியை வேண்டுமென்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில், குறித்த இரவுக்கு முன்னரே படிவத்தை நிரப்ப மக்களுக்கு இடமளிக்கப்பட்டது. கூட்டம் பல நாட்களுக்குப் பரவியது. தளமும் நிலைத்து நின்றது. பாலத்தை உறுதியாக்குவது ஒரு வழி. பாரத்தைப் பகிர்ந்து அனுப்புவது மற்றொரு வழி.

மற்றுமொன்று கூறாது விடலாகாது. தன் தளத்தைச் சோதிப்பதற்குப் பல கணினிகளை ஏவுவதும், பிறர் தளத்தை வீழ்த்துவதற்கு ஏவுவதும் செயலளவில் ஒன்றே. உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்யப்படும் பரீட்சை, பரீட்சையன்று, தாக்குதலேயாகும்.

பொதுமக்கள் வரும் நாள் ஒத்திகை நாளன்று. அன்று கதவு திறவாதாயின் வாடி நிற்பவர் தளத்தை அமைத்தவரல்லர். விண்ணப்பத்தின் இறுதி நாளில் வந்த ஏழையே. அவருக்காகவே அத்தனை கணினிகளும் முன்னதாகக் கூட்டமாய் வந்து கதவைத் தட்டிப் பார்க்கவேண்டியிருக்கின்றது.