சேர்ந்து படிப்போம்



தோட்டத்தில் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, லயத்துக்காரர்கள் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் நமக்கு நினைவிருக்கும். ஜெலுத்தோங்கில் குடியிருந்து, 1972-இல் தொடங்கப்பட்ட பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில், இன்று கணினி நிரல் எழுதுவோரும் உண்டு. அத்தொழிலில் படிப்பு முடிவதே இல்லை. கடினமான நூலைத் தனியே எடுத்தால், மூன்றாம் பாடத்திலேயே மூடிவைக்கத் தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பல்கலைக்கழக ஆசிரியர், 1977-இல் தம் மாணவர்களுக்காக 'யூனிக்ஸ்' நிரலுக்கு விளக்கவுரை எழுதினார். உரிமைக் கட்டுப்பாட்டால் 1996 வரை அது கடைக்கு வரவில்லை. நிரலாளர்கள் படியெடுத்து, கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

நாமும் தொடங்கலாம். ஐந்து பேர், ஒரு நூல், வாரம் ஒரு பாடம். வீட்டில் படித்துவிட்டு வரவேண்டும். முறைவைத்து ஒருவர் விளக்க, பயிற்சியை எல்லாரும் கணினியில் செய்து பார்க்கவேண்டும். "புரியவில்லை" என்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவர் தயங்கிய இடத்தில்தான் மற்றவர்களும் தடுமாறியிருப்பார்கள்.

ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் வீட்டுக் கூடத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுப்போம்.