அந்தச் சத்தம் யார் கணக்கில்?



‘சமுதாயத்தைத் தட்டி எழுப்பும் பாட்டுக்குப் பெருந்துணை ஒலிப்பதிவே’ என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசினார். ‘கச்சேரி மண்டபத்தோட முடிஞ்சு போகும், பதிவு உலகத்தைச் சுற்றும்’ என்றார். அதற்குச் சாட்சியாக அமெரிக்காவின் ‘பப்ளிக் எனிமி’ ராப் குழுவையும், அவர்களின் 1988ஆம் ஆண்டு இசைத்தொகுப்பையும் கொண்டு வந்து நிறுத்தினார். தமிழ் வாத்தியாருக்கு ராப் எங்கே தெரியப் போகுதுன்னு ஒரு தைரியம்! (சிரிப்பு) வீட்டில் ஒரு மகன் இருக்கானே ஐயா, கதவைச் சாத்தினாலும் கேக்குதே! (சிரிப்பு, கைதட்டல்)

சாட்சியைக் கூண்டில் ஏற்றிய நண்பர், நான் குறுக்கு விசாரணை செய்வேன் என்பதை மறந்துவிட்டார். அந்தத் தொகுப்பை ஓட விடுங்கள். எடுத்த எடுப்பில் காதில் விழுவது பாட்டா? இல்லை. ஒரு கூட்டத்தின் ஆரவாரம்! எந்தக் கூட்டம்? 1987 நவம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் கூடிய கூட்டம். எல்.எல். கூல் ஜே, எரிக் பி - ரக்கீம் ஆகியோரோடு இவர்களும் சுற்றுப்பயணம் போனார்கள். அங்கே பிடித்த சத்தத்தைக் கொண்டுவந்து பாட்டுகளுக்கு நடுவே வைத்துத் தைத்தார்கள். நான் கேட்கிறேன், பதிவு தன் காலில் நிற்கும் என்றால் இந்த ஊன்றுகோல் எதற்கு? (கைதட்டல்)

இன்னொன்று. அதிலே விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதும். நம் வீட்டில் கேட்டால் அது ஒரு சத்தம், அவ்வளவுதான். லண்டனில்? 1940இல் ஜெர்மன் குண்டுகள் விழுந்தபோது அலறிய சங்கு அது! தாத்தா பாட்டி சொல்லக் கேட்ட பிள்ளைகள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

மேடையில் யார் யார் நின்றார்கள் என்று பாருங்கள். சக் டி, இடி மாதிரிக் குரல். நிறவெறியைக் குற்றக்கூண்டில் ஏற்றுகிற சொல். பக்கத்தில் ஃப்ளேவர் ஃப்ளேவ், கழுத்திலே ஒரு பெரிய கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு குதிப்பார். நம்ம தெருக்கூத்தில் ராஜா கோபமா வசனம் பேசும்போது கட்டியங்காரன் குறுக்கே புகுந்து சிரிக்க வைப்பானே, அந்த வேலை! பின்னாலே சீருடை போட்டவர்கள் அணிவகுப்பு நடத்துவார்கள். இதையெல்லாம் காதால பார்க்க முடியுமா? (சிரிப்பு)

எதிரணி அம்மையார் ஒரு குத்தல் கேள்வி போட்டார். ‘அந்தக் குழுவில் ஒருவரே யூதர்களை இழிவாகப் பேசினாரே?’ பேசினார். 1989இல், பத்திரிகைப் பேட்டியில். அதனால் குழுவை விட்டு விலக்கப்பட்டார். நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தன் இனத்துக்கு நியாயம் கேட்கிறவன் இன்னொரு இனத்தைத் தூற்றினால் தப்பு தப்புதான்.

ஆனால் அம்மா, அதே குழு 1988இல் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறைச்சாலைக்குள்ளே போய்ப் பாடியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒலிநாடாவும் உள்ளே போயிருக்கலாம். ஆனால் வெளியே இருக்கிற உலகம் நம்மை மறந்துவிட்டது என்று நினைக்கிற கைதிக்கு முன்னால், பாடுகிறவன் தானே வந்து நின்றானே! ஒலிநாடா அப்படி வந்து நிற்குமா? (நீண்ட கைதட்டல்)

எனக்குப் பெரிதாகப் படுவது 1991. ‘ஆந்த்ராக்ஸ்’ என்பது வெள்ளையர்களின் மெட்டல் இசைக்குழு. அவர்களும் இவர்களும் ஒரே பாட்டைச் சேர்ந்து பதிவு செய்து, சேர்ந்தே ஊர் ஊராகப் போனார்கள். பதிவுன்னா எனக்குப் பிடிச்சதை நான் போட்டுக்குவேன், மத்ததைத் தள்ளிவிட்டுப் போயிடுவேன். அரங்கத்தில் அது நடக்குமா? மெட்டல் கேக்க வந்தவன் ராப்பையும் கேக்கணும்; ராப் கேக்க வந்தவன் மெட்டலையும் கேக்கணும். தான் தேர்ந்தெடுக்காத ஒருத்தன் பக்கத்தில் தோளோடு தோள் நிக்கணும். நிறத்தால் பிளந்து கிடந்த நாட்டில் இது சின்ன வேலையா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். (சிரிப்பு) ஐயா, தீர்ப்பு எழுதும் முன் நண்பர் காட்டிய அந்தத் தொகுப்பை ஒருமுறை கேளுங்கள். ஹாமர்ஸ்மித் கூட்டத்தின் சத்தத்தை அவர் அணிக் கணக்கில் வைப்பதா, எங்கள் அணிக் கணக்கில் வைப்பதா, அதை மட்டும் சொல்லுங்கள். (கைதட்டல்)