வாசலில் நிற்கும் தம்பி



அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அதே மலைகளில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தினேன். இந்தப் பட்டமளிப்பு மேடையில் நிற்க எனக்குள்ள தகுதி அதுதான். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு கணக்கைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

2020 மார்ச் 12ஆம் திகதி, கொரோனா காரணமாக மறுநாள் முதல் பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டு என்று அறிவித்தார்கள். 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு. நாடு அடங்கியது, தோட்டம் அடங்கவில்லை. தேயிலைக்கு விலக்குக் கிடைத்ததால் அம்மாமார் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனார்கள். பிள்ளைகள் காம்பராவில் இருந்தார்கள். "பாடம் போனில் வரும்" என்று நாங்கள் சொன்னோம். யாருடைய போனில் என்று அப்போது நான் கேட்கவில்லை.

கொழும்புக் கடைகளில் வேலை செய்த அண்ணன்மார் கடை மூடியதும் ஊர் திரும்பினார்கள். அவர்களின் சட்டைப்பையில் வந்த போன்தான் பல வீடுகளுக்கு வகுப்பறை. சில மாதத்தில் கொழும்பு திறந்தது. அண்ணன் புறப்பட்டான், வகுப்பறையும் அவனோடு பஸ் ஏறியது. அன்று தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். நாட்சம்பளம் 1,000 ரூபாயானது 2021 மார்ச்சில். அந்தச் சம்பளத்தில் அரிசியும் மாவும் போக மிஞ்சியதில்தான் ரீலோட் போட வேண்டும்.

சிக்னல் பள்ளத்து லயங்களுக்கு இறங்கி வராது, பிள்ளைகள்தான் மேலே ஏற வேண்டும். மழையில், அட்டைக் கடியில், தேயிலை மலையின் உச்சியில் ஒரு குடைக்குக் கீழே நான்கு தலைகள் ஒரு திரையைப் பார்த்து நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஊவாவில் லுணுகலைப் பக்கம் காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறிப் பிள்ளைகள் பாடம் கேட்டதை உலகச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்துப் போட்டன. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பள்ளி இழந்து இருந்தார்கள் என்கிறது யுனெஸ்கோ. அந்தத் தொகை என் மனத்தில் நிற்பதில்லை. அந்தக் குடைதான் நிற்கிறது.

உழைத்தவர்களையும் சொல்ல வேண்டும். நேத்ரா தொலைக்காட்சியில் பாடம் வந்தது. டேட்டா கேட்காத ஆசிரியர் அது. செயலட்டையைப் போட்டோகொப்பி எடுத்து, லயம் லயமாக நடந்து கொடுத்த இளம் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். பிரதிக்கான காசும் அவர்களின் கையிலிருந்துதான் போனது.

இனி அந்தக் கணக்கு. ஒரு வீட்டில் ஒரு போன். மூன்று பிள்ளைகள். உயர்தரம் படிக்கும் மூத்தவளுக்குக் காலை எட்டு மணிக்குச் சூம். தரம் எட்டில் இருக்கும் தம்பிக்கும் அதே எட்டு மணிக்கு வகுப்பு. என்ன செய்வார்கள்? "அக்காவுக்குச் சோதனை வருது, நீ பொறகு படிக்கலாம்" என்று அம்மா சொன்னாள். எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வாள். அவன் போனைக் கொடுத்துவிட்டு விறகு பொறுக்கப் போனான்.

2020 ஓகஸ்டில் நடக்கவிருந்த உயர்தரப் பரீட்சை ஒக்டோபர் 12ஆம் திகதி தொடங்கி நவம்பர் 6 வரை நடந்தது. மினுவாங்கொடைக் கொரோனாக் கொத்தணி வெடித்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது; முகக்கவசத்தோடு உட்கார்ந்து எழுதினீர்கள். எழுதியவர்களில் பலர் இன்று இந்த மேலங்கியோடு என் முன்னால் இருக்கிறீர்கள். பல்கலைக்கழகம் வந்து சேர்ந்த 2022இல் எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. விரிவுரை மறுபடி திரைக்குள் போனது. அதையும் தாண்டினீர்கள். உங்கள் உழைப்பில் ஒரு குன்றிமணி அளவும் நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் தம்பியின் "பொறகு" வரவில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஓர் அத்தியாயம் விட்டுப்போனால் அடுத்ததைத் தொடங்கலாம். கணக்கு அப்படி விடாது. பின்னம் பிடிபடாதவனுக்கு அட்சரகணிதம் பிடிபடாது, அது இல்லாமல் சமன்பாடு இல்லை. பள்ளி திறந்து தரம் பத்தில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளிடம் நான் கண்டது சோம்பல் இல்லை. ஏணியில் நடுவிலே இரண்டு படி கழன்றிருந்தது. சிலர் உட்காரவே வரவில்லை. கொழும்புக்குப் போய்விட்டார்கள்.

"பொறகு" என்ற சொல் எங்கள் மக்களுக்குப் பழக்கமானது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கியது 1970களில்தான். ஒரு தலைமுறை முழுக்க அந்தச் சொல்லுக்குள்ளேயே கழிந்தது. ஒரே ஒரு தடவை வரிசை மாறியதைப் பார்த்தேன். 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளின் ஆரம்பப் பிரிவுகளை முதலில் திறந்தார்கள். நகரத்துப் பெரிய பள்ளிகள் பூட்டியிருக்க, எங்கள் மலையில் சின்னப் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. கடைசியில் நிற்பவரிலிருந்து தொடங்க முடியும் என்று அன்று கண்டேன். நீங்கள் ஆசிரியராகவோ அதிகாரியாகவோ போய் அமரும் இடத்தில், அந்தக் காலையை நினைத்து ஒரு பட்டியலைத் தலைகீழாகப் படியுங்கள்.

இந்த மண்டபத்துக்குள் ஒரு பட்டதாரிக்கு இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அம்மாவும் அப்பாவும் உள்ளே இருக்கிறார்கள். தம்பி தங்கைகள் வெளியே வாசலில், உங்கள் செருப்புப் பையையும் பூச்செண்டையும் பிடித்துக்கொண்டு நிற்பதை வரும்போது பார்த்தேன். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும்.

மேலங்கியைக் கழற்றுவதற்கு முன் அவர்களிடம் போங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனபின் எந்தப் பாடம் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று கேளுங்கள். பின்னமாக இருந்தால் பின்னம். நாளைக் காலை இஸ்தோப்பில் ஒரு பாயைப் போட்டு, அங்கிருந்தே தொடங்குங்கள்.