சிலுவையின் உட்பொருள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்டது சிலுவையின் உட்பொருள் என்பது. கிறித்து சமயத்தைச் சாராத தமிழாசிரியராகிய யாம் இப்பொருளைத் தெரிந்துகொண்டது ஏன் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் எமக்குப் பெருமை தருவதன்று; ஆயினும் அதனை முதற்கண் கூறிவிடுதலே முறையாம்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பிற் செய்யுட்பாடம் நடத்திக்கொண்டிருந்தேம். மாணாக்கன் ஒருவன் எழுந்து, தன் பக்கத்தில் இருந்தவன் கழுத்திற் கிடந்த சிறு சிலுவையைச் சுட்டி, "ஐயா! இது குற்றவாளிகளைக் கொல்லும் மரமாமே. கொலைமரத்தைப் போய் யாரேனும் நகையாக அணிவார்களா?" என்று கேட்டான். வகுப்பு முழுதும் நகைத்தது. அணிந்திருந்த சிறுவன் வாய் திறந்திலன். சிலுவையை மெல்ல எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான். யாம் நகைத்தவர்களைக் கடிந்து அமரச் செய்தேம். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை கூறினேமல்லேம். விடை எமக்குத் தெரியாமையே காரணம். அறியாமையைச் சினத்தால் மூடினேம் என்பதே உண்மை.

அச்சிறுவனுடைய கை சட்டைக்குள் சென்ற காட்சி எம் கண்ணைவிட்டு அகலவில்லை. அன்றியும், நம் குலத்தில் அண்ணன் வீடு திருக்கோயிலுக்கும் தம்பி வீடு தேவாலயத்திற்கும் செல்லுங் குடும்பங்கள் பல இருத்தலை நீவிர் அறிவீர். ஒருவர் வீட்டு மணத்தில் ஒருவர் பந்தியில் அமர்கின்றோம். ஒருவர் வீட்டுச் சாவில் ஒருவர் கண்ணீர் வடிக்கின்றோம். கல்லறையின் தலைமாட்டில் நிற்கும் அக்குறியின் பொருளைமட்டும் கேட்டறியாமலே திரும்பி விடுகின்றோம். உறவினர் உள்ளத்தில் உயர்ந்து நிற்பது யாது என்று அறியாத உறவு முழு உறவாகுமோ? இவ்வெண்ணமே எம்மை இப்பொருளைத் தேடிக் கற்கச் செய்தது. கற்றவற்றுட் சிலவற்றை இவ்வவையில் வைக்கின்றேம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். சிலுவை என்பது தமிழில் நெடுநாளாக வழங்கினும் தமிழ்ச்சொல் அன்று. கீழைத்திருச்சபையார் வழிபாட்டில் வழங்கிய சுரியானி மொழியிலிருந்து வந்தது. மற்றொரு பெயராகிய குருசு போர்த்துகேசியர் வழியே வந்தது. இவ்விரு சொற்களும் அச்சமயம் இந்நாட்டிற்கு வந்த இரு வழிகளைக் காட்டுகின்றன. சென்னையை அடுத்த பரங்கிமலையில் 1547-ஆம் ஆண்டிற் போர்த்துகேசியர் கோயில் எழுப்புதற்கு நிலத்தை அகழ்ந்தபோது, சிலுவை செதுக்கிய கல்லொன்று வெளிப்பட்டது. அதனைச் சூழப் பகலவி என்னும் பழம் பாரசீக எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குருசு என்ற சொல்லைக் கொணர்ந்தவர்கள் மண்ணைத் தோண்ட, அவர்கட்குப் பல நூற்றாண்டு முற்பட்ட சிலுவை அங்கே அவர்களை எதிர்கொண்டது. அக்கல்லிற் சிலுவையின் முனைகள் மொட்டுப்போல் விரிகின்றன. மேலே ஒரு புறா இறங்குகின்றது. அறையுண்ட உருவம் இல்லை. கொலைமரம் பூத்த மரமாக அங்கே காட்சி தருகின்றது. இக்காட்சியின் பொருள் பின்னர் விளங்கும்.

இனி, மாணாக்கன் கேட்ட கேள்விக்கு வருவோம். சிலுவை கொலைமரமா எனின், ஆம், ஐயமில்லை. உரோமப் பேரரசில் அடிமைகட்கும் கலகக்காரர்கட்கும் இழிந்தோர் எனப்பட்டார்க்கும் விதித்த தண்டனை அது. உரோமக் குடியுரிமை பெற்றார் பெரும்பாலும் அதற்கு உட்படார். குற்றவாளியைக் கசையால் அடித்து, குறுக்குமரத்தை அவனையே சுமக்கச் செய்து, ஆடை களைந்து, ஊர் காணும் இடத்தில் அறைந்து வைப்பர். உயிர் உடனே போகாது. சில வேளை நாட்கணக்கில் நிற்கும். உயிரை வாங்குவதினும் மானத்தை வாங்குவதே அதன் நோக்கம். சிசெரோ என்னும் உரோம நாவலர் கி.மு. 70-ஆம் ஆண்டிலேயே அதனைத் தண்டனைகளுட் கொடியதும் அருவருக்கத்தக்கதும் என்று இழித்துரைத்தார். ஸ்பார்ட்டகஸ் என்பான் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி கி.மு. 71-இல் முறியடிக்கப்பட்டபோது, பிடிபட்ட ஆறாயிரவரைக் காப்புவா நகர் முதல் உரோம் வரை பெருவழியின் ஓரமெங்கும் சிலுவையில் ஏற்றினர் என்று வரலாறு கூறும். அவ்வழி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுடையது. இனி ஓர் அடிமையும் தலைநிமிரலாகாது என்பதே அம்மரங்கள் சொன்ன செய்தி.

அத்தகைய மரத்திலேதான் இயேசு பெருமான் அறையுண்டார். கி.பி. 30-ஐ ஒட்டிய காலம். யூதேயாவில் ஆட்சி புரிந்தவன் போந்தியு பிலாத்து. இடம் எருசலேம் நகர்ப்புறத்தே, மண்டையோட்டிடம் என்று பொருள்படும் கொல்கொதா. தலையில் முள்முடி சூட்டினர். அரசன் என்று எள்ளி வணங்கினர். வழியிற் போந்த சீரேனே ஊர்ச் சீமோன் என்பானைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்தனர். இருபுறமும் இரு குற்றவாளிகள். பெயர்ப்பலகையை எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்னும் மும்மொழியில் எழுதி, படிப்பார் எல்லார்க்கும் அவமானம் எட்டுமாறு செய்தனர். நண்பர் பலர் ஓடினர். தாயும் சில பெண்டிரும் நின்றனர்.

அந்நிலையில் அவர் வாயிற் பிறந்த சொற்களுள் இரண்டை மட்டும் இங்கு நினைவூட்டுகின்றேம். ஒன்று, தம்மை அறைந்தவர் தாம் செய்வது இன்னதென்று அறியாதவர் ஆகலின் அவரை மன்னிக்கவேண்டும் என்று தந்தையை வேண்டியது. மற்றொன்று, தம்மை இறைவன் கைவிட்டது ஏனோ என்று கதறியது. இரண்டையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். துன்பம் உறைக்காதவர் மன்னித்தல் அரிதன்று. துன்பத்தின் அடியைத் தொட்டவர், கைவிடப்பட்டேன் என்று கதறும் அளவு நொந்தவர், பகைவர்க்கு நன்மை வேண்டுதலே அரிது. இன்னா செய்தார்க்கும் நன்னயம் செய்தலை ஒறுத்தலாகக் கொண்ட வள்ளுவரைக் கற்ற நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

சிலுவையிலே இறந்தவரைக் கடவுள் என்று வணங்கினால் உலகம் நகையாதோ? நகைத்தது. கிரேக்கர்க்கு அது பேதைமையாகவும் யூதர்க்கு இடறலாகவும் தோன்றுவதைப் பவுலடிகள் கி.பி. 55-ஐ ஒட்டிக் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய திருமுகத்தில் மறைக்காமல் ஒப்புக்கொள்கின்றார். இனி யாம் கூறுவதைக் கேண்மின். உரோம் நகரத்துப் பாலத்தீன் குன்றில், அரண்மனைப் பணிச்சிறுவர் பயின்ற கூடம் எனக் கருதப்படும் கட்டடத்தின் சுவரில், கூரிய கருவியாற் கீறிய சித்திரம் ஒன்று 1857-ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டது. ஏறக்குறைய கி.பி. 200-ஐச் சார்ந்தது என்பர். சிலுவையில் ஓர் உருவம், அதற்குக் கழுதைத்தலை. அருகே ஒருவன் கையுயர்த்தி நிற்கின்றான். அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வழிபடுகின்றான் என்னும் பொருளுடைய கிரேக்க எழுத்துக் கீழே உள்ளது. சிலுவையில் அறையுண்டாரைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் இஃது ஒன்று. அன்பர் வரைந்ததன்று, உடன்பயின்றான் ஒருவனை எள்ளுதற்கு வரைந்தது!

இதனைப் படித்தபோது எம் எட்டாம் வகுப்பே எம் கண்முன் நின்றது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக்கு முன்னும் ஒரு சிறுவன். அவனைச் சூழ்ந்தும் அதே நகைப்பு. அதே கட்டடத்தின் வேறோர் அறையில், அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்று பொருள்படும் இலத்தீன் எழுத்துங் காணப்படுகின்றது. அவனே எழுதினனோ, அவன் தோழன் எழுதினனோ, யார் அறிவார்! நகைப்பிற்கு விடையாக வசையில்லை. ஒரு சொல்லே உண்டு. அவ்வொரு சொல்லைக்கூட எம் வகுப்பிற் சொல்லுதற்கு ஆசிரியராகிய யாம் இல்லாது போனேம்.

நிற்க. கிறித்தவப் பெரியோர் இம்மரத்திற் கண்ட உட்பொருள்கள் பல. அவற்றுட் சிலவற்றை எடுத்துரைப்பேம்.

முதலாவது, தன்னை வெறுமையாக்குதல். இறைநிலையில் இருந்தவர் அதனைப் பற்றிக்கொள்ளாமல் அடிமையின் கோலம் பூண்டு, சிலுவைச் சாவுமட்டும் தம்மைத் தாழ்த்தினார் என்பது பவுலடிகள் பிலிப்பியர்க்கு எழுதியதன் கருத்து. அடிமையின் கோலம் என்றது அணிக்காகச் சொன்னதன்று. அக்காலத்தார்க்குச் சிலுவை அடிமையின் சாவே ஆகலின், சொல்லும் செயலும் அங்கே ஒன்றாயின.

இரண்டாவது, மரத்தால் வந்த கேடு மரத்தாலே நீங்கியது என்பது. ஏதேன் தோட்டத்தில் விலக்கிய மரத்தின் கனியால் மனிதன் வீழ்ந்தான். கொல்கொதாவில் நட்ட மரத்தால் எழுந்தான் என்று பண்டைய திருச்சபைப் புலவர் இரு மரங்களையும் இணைத்துப் பேசுவர். பரங்கிமலைக் கல்லில் மொட்டு விரிவதன் பொருள் இப்போது விளங்குமன்றோ? பட்டமரம் உயிர்மரமாயிற்று என்பதே அது.

மூன்றாவது, வடிவத்தின் பொருள். நெடுமரம் மண்ணிலிருந்து விண்ணை நோக்குகின்றது. குறுக்குமரம் இருபுறத்தாரையும் நோக்கி நீள்கின்றது. இறைவன்பால் அன்பும் அயலான்பால் அன்பும் கூடும் இடத்தில் சிலுவை பிறக்கின்றது. ஒன்றைவிட்டு ஒன்று நின்றால் அது வெறுங்கழியே, சிலுவையாகாது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் என்னும் அறிஞர், கடலோடும் கப்பலின் பாய்மரத்திலும், உழவனுடைய ஏரிலும், கைகளை விரித்து நிற்கும் மனிதனுடைய உடம்பிலும் அவ்வடிவத்தைக் கண்டார். உழைப்பவன் கருவியிலெல்லாம் அக்குறி உண்டு என்பது எவ்வளவு நயமான கருத்து!

நான்காவது, சுமத்தல். தம்மைப் பின்பற்ற விரும்புவோன் நாள்தோறுந் தன் சிலுவையை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று இயேசு பெருமான் கூறியதாக லூக்கா நூல் உரைக்கும். ஆகவே அது கழுத்தில் அணிவது மட்டுமன்று, தோளிற் சுமப்பது. நோயுற்ற பெற்றோரைப் பேணுதலும், பிறர் பழியைப் பொறுத்தலும், செய்த நன்றியை மறந்தார்க்கு மீண்டும் நன்மை செய்தலும் சுமையே. தன் சுமை இறங்குதலும் அவ்விடத்தே என்பர். நெல்லை நாட்டு எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள், ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகத்தை 1894-இல் வெளியிட்டார். பனியன் நூலில் வழிப்போக்கனுடைய முதுகுச் சுமை, அவன் சிலுவையைக் கண்ட இடத்தில் அவிழ்ந்து உருண்டு போகின்றது. பாவச்சுமை இறங்கிய தோளிலேதான் பிறர் சுமை ஏறும் என்பது கருத்து.

சிலுவையிற் சிலர் உருவத்தை வைப்பர். சிலர் வெறுஞ்சிலுவையே வைப்பர். கத்தோலிக்கர் பாடுகளை மறவாமைக்கு உருவத்தை வைக்கின்றனர். சீர்திருத்தச் சபையாருட் பலர், உயிர்த்தெழுந்தார் அங்கில்லை என்றற்கு வெறுமையாக விடுகின்றனர். ஒருவர் விலையைக் காட்டுகின்றார். மற்றவர் வெற்றியைக் காட்டுகின்றார். இதில் வழக்கிடுதற்கு யாதுமில்லை.

இக்கருத்து நமக்கு முற்றும் புதியதோ? ஆலகால நஞ்சைத் தேவர்பொருட்டு உண்ட சிவபெருமானுடைய மிடற்றுக் கறையை நம் அடியார்கள் மறைத்தனரோ? திருநீலகண்டம் என்று அதனையே பெயராக்கிப் பாடினர். இரு சமயத்தின் கொள்கையும் ஒன்றென்று யாம் கூறவில்லை, வேறுபாடு பெரிது. ஆயினும் பிறர்பொருட்டு ஏற்ற வடு அணியாகும் என்பதைத் தமிழ் நெஞ்சம் முன்னரே அறியும்.

குறியைப் பிடித்துப் பொருளைக் கைவிட்டவர்களும் உளர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1095-ஆம் ஆண்டிற் போப் இரண்டாம் உர்பன் அழைக்க, ஆடையிற் சிலுவை தைத்துக்கொண்டு போருக்குச் சென்றனர்; 1099-இல் எருசலேமைப் பிடித்து மக்களைக் கொன்று குவித்தனர். 1204-இல் கிறித்தவர் நகராகிய கான்ஸ்டாண்டிநோபிளையே சூறையாடினர். அதன்பொருட்டுப் போப் இரண்டாம் யோவான் பவுல் 2001-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரிற் சென்று வருந்தினார். அறைந்தாரை மன்னித்தவருடைய மரத்தைப் பிறரை அறைதற்குக் கொண்டால், உரோமன் செய்ததையே செய்தவராவோம். இவ்வெச்சரிக்கை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று.

அன்பர்களே! குலத்தின் மேன்மையைப் பேசுதற்குக் கூடும் அவை இது. இங்கே இழிவின் மரத்தைப்பற்றிப் பேசினேம். நம் முன்னோர் பட்ட அவமதிப்புகளைச் சொல்லக் கூசி, பெருமைகளை மட்டும் அச்சிடுகின்றோம். சிலுவையை வணங்குவார் அவ்வாறு செய்திலர். நற்செய்தி நூல்களிற் கசையடி உண்டு, எச்சில் உண்டு, ஓடிப்போன சீடரும் உண்டு, ஒன்றையும் துடைத்திலர். இழிவு செய்தவனையே இழிவு சாரும். வெறுப்பின்றி ஏற்றவனை அது சாராது. இதுவே அம்மரம் உலகிற்குச் சொல்வதென்று யாம் கொள்கின்றேம். ஆறாயிரம் அடிமைகளைத் தலைகுனியச் செய்த மரம், அடிமையும் தலைநிமிரலாம் என்னும் அடையாளமாக மாறியது எங்ஙனம் என்று வினவுவார்க்கும் இதுவே விடை.

"கொலைமரத்தை யாரேனும் அணிவார்களா?" என்று கேட்ட மாணாக்கன் கேட்டது நல்ல கேள்வி. கேட்டவனும் குனிந்தவனும் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கின்றனர். ஓராண்டு தாழ்த்த விடையை வருகின்ற திங்களன்று அவ்வகுப்பிற்குச் சென்று கூறுதற்குத் தலைமையாசிரியரிடம் இசைவு பெற்றுள்ளேம். அதற்குமுன் நும்மிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உறவினர் கல்லறையில் நிற்குங்கால், அக்குறி யாதென்று அவர் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லட்டும், நாம் கேட்போம்.