ஆழமில்லாக் கடலில் பாய்ப்படகுப் பயணம்

கடற்பயணம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது அளவிறந்த ஆழமே. ஆயினும், மாணவ நண்பர்களே, கரையோரமாகப் பாய் விரித்துச் செல்பவன் அஞ்ச வேண்டியது ஆழத்தை அன்று, ஆழமின்மையைத்தான். அத்தகைய பயணமொன்றை எவ்வாறு திட்டமிடுவது என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாகப் பாம்பனுக்குச் செல்லும் கடல்வழியையே எடுத்துக்கொள்வோம். இது பாக் விரிகுடாவின் மேற்குக் கரை. இவ்விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை அடியார்கள் நீரில் நின்றபடியே வழிபடுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது வழியன்று, மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் புயலும் இக்கடலைக் கலக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைவிற் கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் இந்த விரிகுடா அமைதியாக இருப்பினும், தொண்டியிலிருந்து தெற்கே செல்பவனுக்குக் காற்று எதிர்முகமாக அமையும். ஆகவே வாடை தணிந்த பிப்ரவரி இறுதியை நான் தேர்ந்தெடுப்பேன். அதிலும் ஓர் இடர் உண்டு. வடகிழக்கிலிருந்து வரும் காற்று படகைச் சிறிது சிறிதாகக் கரைமேடுகளை நோக்கித் தள்ளும். கரையைவிட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் விலகியே செல்லல் வேண்டும்.

மென்காற்றில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று கணக்கிடுக. தேவிபட்டினம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அங்கிருந்து பாம்பன் 40. ஒரே நாளில் முடிக்க நினைப்பவன் இரவில் மேடுகளிடையே அகப்படுவான். எனவே பயணம் இரு நாள். பாம்பனிலும் பாலத்திற்கு வடக்கேயே நின்றுவிடுவோம். பாலத்தின் அடியில் விரையும் நீரோட்டம் புதியவர்க்கு ஏற்றதன்று.

இனி, கணக்கு. ஆட்களும் தண்ணீர்க் குடங்களும் ஏறிய பிறகு படகின் அடி நீருக்குள் எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்து பாருங்கள். 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலையில் படகு தாழ்வதற்கு 30. எதிர்பாராத மேட்டுக்கு மேலும் 30. ஆக 120 சென்டிமீட்டர் நீர் வேண்டும். கடல்வரைபடம் ஓரிடத்தில் 90 என்று காட்டினால், எஞ்சிய 30 சென்டிமீட்டரை ஓதம்தான் தரவேண்டும். வரைபடத்திலுள்ள ஆழம் நீர் மிகவும் வற்றிய நிலைக்குரியது. இக்கரையில் ஓதத்தின் ஏற்றம் ஒரு மீட்டரையும் எட்டாது. ஆகையால் அந்த 30 சென்டிமீட்டர் எந்நேரமும் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது; ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இதனைப் பட்டறிவால் கற்றவன் நான். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், சக ஆசிரியர் மூவருடன் இதே கரையில் சென்றபோது, பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து, நீர் நிறைந்திருந்த வேளையில் ஒரு மணல்மேட்டைக் கடக்க முயன்றோம். நிறைய நீர் இருக்கிறதே என்ற துணிவு! படகு தரைதட்டியது. இறங்கித் தள்ளினோம், நீரோ வற்றத் தொடங்கிவிட்டது. அடுத்த ஏற்றம் முன்னதைவிடக் குறைவாகவே வந்தது. அதற்கடுத்தது இன்னும் குறைவு. இரண்டாம் நாள் காலையில் வந்த ஒரு முதிய மீனவர், பாரத்தையெல்லாம் தம் படகில் ஏற்றி, எங்கள் நங்கூரத்தை ஆழமான பக்கம் கொண்டுபோய் இட்டு, அக்கயிற்றைப் பிடித்து இழுக்கச் செய்தார். படகு நகர்ந்தது. "வாத்தியாரய்யா, தண்ணி ஏறுறப்போ தட்டுனா கடலே தூக்கிவிடும். நெறஞ்சு நிக்கிறப்போ தட்டுனா நீங்கதான் தூக்கணும்" என்றார். ஐயத்திற்குரிய இடத்தை நீர் பாதி ஏறியிருக்கும்போது கடக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

வடகிழக்குப் பருவம் முடிந்ததும் மணல்மேடுகள் இடம் மாறியிருக்கும். அப்போது பழைய வரைபடம் போதாது. அவ்வூர் மீனவரைக் கேட்க வேண்டும், கண்ணையும் பயன்படுத்த வேண்டும். மணல் வெளிறித் தோன்றும். கருமையாகத் தெரிவது ஆழமாகவும் இருக்கலாம், முழங்காலளவு நீரிலுள்ள கடற்புல்லாகவும் இருக்கலாம். கதிரவன் முதுகுப்புறம் இருந்தால்தான் இந்நிறங்கள் புலப்படும். முதல் நாள் காலை ஓரளவு அவ்வாறு அமையும். இரண்டாம் நாள் தென்கிழக்கு நோக்கிச் செல்வதால் வெயில் கண்ணைக் கூசச் செய்யும்; அன்று அரை மீட்டருக்கு ஒரு கோடிட்ட மூங்கிற்கழியை முன்னணியத்தில் ஒருவர் ஊன்றிப் பார்த்துக்கொண்டே வரவேண்டும்.

அனைவரும் உயிர்காப்புச் சட்டை அணிதல், மீனவர்க்கான வானிலை எச்சரிக்கையைக் கேட்டல், கடலோரக் காவல் நிலையத்தில் முன்னரே அறிவித்தல் ஆகியவற்றை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். படகில் யார் யார், எவ்வழி, எந்த மணிக்குள் கரை சேர்வோம் என்பதைத் தாளில் எழுதிக் கரையிலுள்ள ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். அந்த நேரம் தாண்டினால் அவர் காத்திராமல் 1093 என்ற எண்ணில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அழைக்க வேண்டும். அன்று நாங்கள் அத்தகைய தாள் எதையும் யாரிடமும் கொடுத்திருக்கவில்லை. அந்த ஓர் இரவும் இரு பகலும் எங்களைத் தேடி எவரும் புறப்படவில்லை. அம்முதியவரும் தம் வலையைப் பார்க்க வந்தவர்தாம்.