வேரை விற்பதா, மண்ணைக் காப்பதா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



மழை பிடிச்சா நம்ம மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்னு போகும். அந்த மாதங்களுக்கு என்ன வழி என்று தேடும்போது, "கடலூர் பக்கம் வெட்டிவேர் போடுறாங்களே, நாமும் கடன் வாங்கிப் போடலாமா?" என்று ஒரு தோழி கேட்டார். நல்ல கேள்வி.

வெட்டிவேர் ஒரு புல்தான். ஒரு தடவை நட்டால் பல வருஷம் நிற்கும். வாசம் இலையில் இல்லை, வேரில். ஹைத்தி, ஜாவா தீவுகளிலும் இதை வளர்த்துத் தைலம் எடுக்கிறார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இதற்கு நம்ம தமிழ்ப் பேர்தான்!

கடலூரில் நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் கடற்கரை மணலில் பயிராகிறது. மணலில் வேர் நேரா இறங்கும். அறுந்து போகாமல் பறிக்கலாம். ஓரளவு உப்பைத் தாங்கும். அதுக்காக உப்புப் பூத்த தரையில் நட்டுடாதீங்க. நல்ல தண்ணீர் உள்ள மணல் மேடு வேணும். விதை வேண்டாம்; தூரைப் பிரித்து நட்டால் போதும். வேர் பறிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

இப்ப முக்கியமான விஷயம். இந்த வேர் பத்தடி ஆழம் வரைகூட இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 1950களில் பிஜித் தீவில் கரும்பு நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்க இதை வரிசையாக நட்டார்கள். 1980களில் உலக வங்கி இந்தியாவிலும் இதைப் பரப்பியது. ஆனால் வேரைப் பறித்தால் அந்தப் பிடிப்பு போச்சு, மண்ணும் இளகிவிடும். அதனால் கரையிலும் வரப்பிலும் நட்டதைப் பறிக்கவே கூடாது. விற்கிறதுக்குத் தனி நிலம் வேணும். எது எதற்கு என்று நடும் முன்பே தீர்மானம் எழுதி வையுங்கள்.

கடனுக்கு அவசரம் வேண்டாம். முதல் வருஷம் சில சென்ட் மட்டும் போடுவோம். அதுக்கு முன்னாடி கடலூர் விவசாயிகளைப் பார்த்து, யார் வாங்குறாங்க, என்ன விலைக்கு என்று விசாரிப்போம். பச்சையாக விற்பதைவிட, உலர்த்தி வைத்து மழைக்காலத்தில் மாலை, விசிறி, தட்டி பின்னினால் கூலியும் நம்ம வீட்டிலேயே தங்கும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு கேள்விக்குப் பதிலோடு வாங்க: மணல் நிலம் யாரிடம் இருக்கு? வேரை வாங்குறவங்க யாரு? இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு கடன் மனு எழுதலாம்.