கூடிப் பேசும் கலை



பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நாம், எந்த நகரில் குடியேறினாலும் முதலில் தேடுவது நம் மொழி பேசும் நாலு பேரைத்தான். நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பிறந்துவிடுகிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-லும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-லும் தோன்றியவை. பொங்கல் விழா நடத்துகிறோம், கச்சேரி வைக்கிறோம். ஆனால், நம் பொதுக் காரியங்களைக் கூடிப் பேசித் தெளியக் கற்றிருக்கிறோமா?

நாம் முன்பு வாழ்ந்த ஒரு நகரத்துச் சங்கத்தில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடந்துவந்தது. வருகை குறைந்தது. காரணம் ஆராயக் கூட்டம் போட்டோம். மேடையில் இருந்த நால்வர் இரண்டு மணி நேரம் பேசினர், பெற்றோருக்குத் தாய்மொழிப் பற்றில்லை என்று முடிவாயிற்று, வகுப்பும் நின்றது. பின்னரே உண்மை தெரிந்தது. வகுப்பு நடந்த வேளையில்தான் குழாயில் தண்ணீர் வரும். குடம் தூக்க மூத்த பிள்ளைகள் வீட்டில் தேவைப்பட்டனர். பின்வரிசையில் அமர்ந்திருந்த தாய்மார் அனைவரும் இதை அறிவர். அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களில் நாமும் இருந்தோம். அன்றைய குழந்தைகள் பலர் இன்று பாட்டியின் கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்கிறார்கள்.

பேச்சு வேறு, கலந்துரையாடல் வேறு என்பதை நமக்கு உணர்த்தக்கூடிய சோதனையொன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. கனடாவில் 1941-இல் தொடங்கிய உழவர் வானொலி மன்றங்களை முன்மாதிரியாகக் கொண்டு, 1956-இல் பூனா வானொலி நிலையம், யுனெஸ்கோவின் துணையுடன், மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் மன்றங்களை அமைத்தது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 20 பேர், ஒரு தலைவர், ஒரு கூட்டுநர். வாரம் இருமுறை அரைமணி நேர நிகழ்ச்சியைக் கேட்பார்கள். பிறகு தம்முள் பேசுவார்கள். அவர்களுடைய ஐயங்களைக் கூட்டுநர் நிலையத்துக்கு எழுதுவார். அவற்றுக்கு வானொலியில் விடை வரும். கேட்பது, கலந்து பேசுவது, செயலாற்றுவது என்பதே அம்மன்றங்களின் முறை.

பம்பாயிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார் இதனை ஆராய்ந்தனர். மன்றமின்றி வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களைவிட, மன்றங்கள் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. எழுத்தறியாதோரும் பயன் பெற்றிருந்தனர். 1959-இல் இத்திட்டம் நாடெங்கும் விரிந்தது. செய்தியைக் கேட்டதனால் மட்டும் இப்பயன் விளையவில்லை. கேட்டதைப் பற்றித் தாமே வாய்திறந்து பேசியதனால் விளைந்தது.

இம்முறையை நம் சங்கங்களும் கைக்கொள்ளலாம். இருபது பேருக்கு மேற்படாத குழுவாகக் கூடுவோம். மேடையை விட்டிறங்கி வட்டமாக அமர்வோம். ஒரு நாளைக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம். அதனை ஒரு வாரம் முன்பே அறிவிப்போம். கூட்டுநர் தம் கருத்தைக் கடைசியில் கூறட்டும். அடிக்கடி பேசுபவர் சற்றுப் பொறுக்கட்டும். பேசாதிருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்போம். பெண்களுக்கும், வேலை முடிந்து வரும் தொழிலாளருக்கும் இசைந்த வேளையையே குறிப்போம். யார், எதை, எந்த நாளுக்குள் செய்வது என்பதை எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தில் முதற்காரியமாக அதைப் படிப்போம். மாறுபட்டுப் பேசியவரின் கருத்தையும் அவ்வேட்டில் பதிவோம்; இன்று தோற்ற கருத்து நாளை வழிகாட்டக்கூடும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தை நால்வர் மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவரை வேடிக்கை பார்க்க வைத்தால் தேர் நகராது. ஆகவே, அடுத்த முறை நாம் கூடும்போது பின்வரிசையை நோக்கி, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுத் தொடங்குவோமாக.